மதுரையில் மறதிநோய் பகல்நேரப் பராமரிப்பு: விவரம் தேவை

வணக்கம். அம்மாவுக்கு அல்சைமர். சிகிச்சை நடக்கிறது; இப்போது கவலை அண்ணியைப் பற்றித்தான். சாயங்காலம் ஆனாலே அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார். அண்ணி மறுத்துப் பேசாமல், செருப்பை மாட்டிவிட்டுத் தெருமுனை வரை கூட்டிப்போய்த் திரும்புவார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொந்தக்காரர்களோ "வயசானா மறதி வராதா?" என்பதோடு சரி.

அண்ணிக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இல்லமோ, மறதிநோயாளிகளைக் கவனித்துப் பழகிய பணியாளரோ தெரிந்தால் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567-இலும் கேட்கப்போகிறேன்.

அப்புறம், செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாளன்று எங்கள் குடியிருப்பில் அரை மணி நேரம் தமிழில் பேச யாராவது வருவார்களா? சொந்தக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைப்பது என் பொறுப்பு.