புதுப்பிப்பு: ரெக்கார்டரில் எழுதிய டிவிடி வேறு பிளேயரில் ஓடாத சிக்கல் தீர்ந்தது

விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடி ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, பிறகு டிவிடியில் எழுதிய எங்கள் திருமணக் காட்சிகள் அக்கா வீட்டுப் பிளேயரில் ஓடவில்லை என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

லென்ஸைத் துடைத்ததும் வேறு நிறுவனத்தின் வட்டை வாங்கியதும் பயன் தரவில்லை. எழுதி முடித்த வட்டை ‘பைனலைஸ்’ (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை இறுதியாக்கி மூடுவது) செய்யுமாறு ஒருவர் கூறிய யோசனையே பலித்தது. மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துச் சில நிமிடங்கள் காத்திருந்த பின், டிவிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய) வட்டு அங்கே தடையின்றி ஓடியது. இனி அவ்வட்டில் எதையும் சேர்க்க இயலாது.

எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. விஆர் முறையில் (எல்லாப் பிளேயர்களாலும் படிக்க முடியாத ஒரு பதிவு முறை) பதிந்த டிவிடி-ஆர்டபிள்யூ (அழித்து மீண்டும் எழுதக்கூடிய) வட்டு, பைனலைஸ் செய்த பிறகும் அந்தப் பிளேயரில் ஓடவில்லை. அதை வீடியோ முறையில் (சாதாரண பிளேயர்கள் படிக்கும் முறை) மறுபடி பார்மட் செய்தபோது உள்ளே இருந்தவை முழுவதும் அழிந்தன; ஹார்ட் டிஸ்க்கில் மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் மீண்டும் எழுத முடிந்தது.