புதுப்பிப்பு: ட்ரையல் புரோட்டோகால் எழுத எங்க கத்துக்கலாம்னு கேட்டிருந்தேனே

வாய்ப்புற்றுநோய் ட்ரையலுக்கு (பேஷண்ட்ஸ வச்சு பண்ற ஆய்வு) ஐடியா இருக்கு, புரோட்டோகால் (ஆய்வ எப்படி நடத்தப் போறோம்னு சொல்ற திட்டம்) எழுதத் தெரியலன்னு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கை குடுத்தது பயோஸ்டாட்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) அக்கா சொன்ன, கேன்சர் ட்ரையல் புரோட்டோகால் எழுதக் கத்துக்குடுக்குற கிரெடோ ஒர்க்‌ஷாப்தான், மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியும் நேஷனல் கேன்சர் கிரிட்டும் (நாடு முழுக்க இருக்குற கேன்சர் சென்டர்களோட கூட்டமைப்பு) 2015ல ஆரம்பிச்சது. அப்ளை பண்ணும்போதே ஐடியாவ சுருக்கமா எழுதிக் குடுக்கணும், அங்க வெறும் லெக்சர் இல்ல, சின்ன குரூப்பா உக்காந்து நம்ம டிராஃப்ட்ட சீனியர்ஸ் படிச்சு கேள்வி மேல கேள்வி கேப்பாங்க, நாம திருத்தித் திருத்தி எழுதணும். நான் எதிர்பார்க்காதது, பாதி நேரம் பிரைமரி எண்ட்பாயிண்ட் (ட்ரையல்ல முக்கியமா அளக்கப் போற விளைவு) எதுன்னு முடிவு பண்றதுலயே போச்சு, அது முடிவானாதான் சாம்பிள் சைஸே, அதாவது எத்தனை பேர் வேணும்னு, கணக்குப் போட முடியும். இப்போ என் புரோட்டோகால் எத்திக்ஸ் கமிட்டில இருக்கு. பின்னாடி தேடி வர்றவங்களுக்கு: முதல் பேஷண்ட்ட சேக்குறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐல (இந்தியாவோட கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு) ட்ரையல பதிவு பண்ணிடுங்க, 2018 ஏப்ரல்ல இருந்து அப்புறமா பண்ண விடுறதில்ல.