ரேவதியை நாம் விட்டோமா, அவர் நம்மை விட்டாரா?

டூரிங் டாக்கீஸ்:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ‘மறுபடியும்’ போட்டுப் பார்த்தேன். 1993ல் வந்த பாலு மகேந்திரா படம். இந்தி ‘அர்த்’தின் மறு ஆக்கம்தான், ஆனால் ரேவதிக்காகவே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. இன்னொருத்தியிடம் போன கணவன் கடைசியில் திரும்பி வந்து நிற்கிறான். ரேவதி நடித்த துளசி வேண்டாம் என்கிறாள். தாலியைப் பிடித்துக்கொண்டு கதறல் கிடையாது, பக்கம் பக்கமாக வசனமும் கிடையாது.

படம் முடிந்ததும் வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். 1983ல் ‘மண்வாசனை’யில் வந்தபோது அவருக்கு 17 வயது. ‘மறுபடியும்’ முடிந்து, அடுத்த வருடம் ‘மகளிர் மட்டும்’. அதோடு சரி. முப்பதுகூட ஆகாத ஒரு நடிகையைத் தமிழ் சினிமா மூட்டை கட்டி அனுப்பிவிட்டது. ‘பாட்ஷா’ வரும்போது ரஜினிக்கு 44 வயது என்பதையும் நினைவில் வையுங்கள். என் கட்சி இதுதான். எதிர்க்கட்சி யாராவது இருந்தால் வரலாம்.

பெட்ரோமாக்ஸ்:
வந்துவிட்டேன். டாக்கீஸ் சார், பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு பந்தல் போடுகிறீர்கள். “அதோடு சரி”யா? 1995ல் நாசர் இயக்கிய ‘அவதாரம்’ படத்தில் கண் தெரியாத பெண்ணாக வந்தது யார்? ‘தென்றல் வந்து தீண்டும்போது’ பாட்டை இன்றைக்கும் ராத்திரி பஸ்ஸில் போடுகிறார்கள். அதே வருடம் ‘தொட்டாச்சிணுங்கி’. அதற்கடுத்த வருடம் தென்சென்னையில் சுயேச்சையாக மக்களவைத் தேர்தலில் நின்றார். 2002ல் ‘மித்ர் மை பிரெண்ட்’ படத்தை இயக்கி, ஆங்கிலத்தில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கினார். 2004ல் இந்தியில் ‘பிர் மிலேங்கே’.

வாய்ப்பு கேட்டு ஆபீஸ் வாசலில் நின்ற ஆளின் ஜாதகமா இது? அவராகப் போனார். நாம் யாரும் அனுப்பவில்லை.

டூரிங் டாக்கீஸ்:
‘அவதாரம்’ விட்டுப்போனது என் தப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் படம் எடுத்தார், ஆங்கிலம். இரண்டாவது இந்தி. ஏன் தமிழ் இல்லை? வீட்டில் சாப்பாடு இருந்தால் ஹோட்டலுக்கு ஏன் போகிறார்கள்?

பெட்ரோமாக்ஸ்:
பிரியாணி பிடித்திருந்தால் போவார்கள். இதெல்லாம் ஒரு வாதமா சார்?

ரீல்ஸ் பார்ட்டி:
அண்ணா, எனக்கு 22 வயது. எனக்குத் தெரிந்த ரேவதி மேடம் ‘ப பாண்டி’யில் ராஜ்கிரண் தேடிப் போகும் பூந்தென்றல்தான். அப்புறம் ஜோதிகாவோடு செய்த ‘ஜாக்பாட்’. ‘மௌன ராக’த்துக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்ததாக ஒரு ரீல்ஸில் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆளைப் போய் ஏன் பாவம் பாவம் என்கிறீர்கள்?

மழைக்காலம்:
தம்பி, ரீல்ஸில் சொன்னது தப்பு. ‘மௌன ராகம்’ தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. ரேவதிக்கு நடிப்புக்கான தேசிய விருது கிடைத்தது ‘தேவர் மக’னுக்கு, துணை நடிகை பிரிவில்.

‘மௌன ராகம்’ பார்த்திருக்காவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தே மழையில் ஆட்டம் போட்டுவிட்டு லேட்டாக வீட்டுக்கு வருவார். வந்தவர்கள் போயிருப்பார்கள் என்று கணக்கு. மாப்பிள்ளை உட்கார்ந்தே இருப்பார்! பிறகு கல்யாணமாகி டெல்லியில் அந்த மனுஷன் பிரியமாக “என்ன வேண்டும்” என்று கேட்கும்போது, விவாகரத்து வேண்டும் என்பார். 1986ல் எங்கள் தெருப் பெண்கள் அந்த ஒரு இடத்தைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். என் அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. “திமிர் பிடித்தவ” என்றார். ஆனால் இரண்டு தடவை போய்ப் பார்த்தார்.

பாலக்காட்டான்:
நடுவில் நுழைகிறேன். எங்கள் மலையாளப் பக்கத்துக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 1991ல் ‘கிலுக்கம்’. மோகன்லாலும் ஜகதியும் ஊட்டியில் அடிக்கும் கூத்துக்கு நடுவில் அந்த நந்தினி அவர்கள் இரண்டு பேரையும் தண்ணீர் குடிக்க வைப்பாள். 1993ல் ‘தேவாசுர’த்தில் பானுமதி. திமிர் பிடித்த நாயகனை அடக்கும் ஆள். 2022ல் ‘பூதகாலம்’, மன அழுத்தத்தில் இருக்கும் அம்மா. கேரள அரசின் சிறந்த நடிகை விருது அதற்குத்தான் கிடைத்தது. பேய்ப்படத்துக்கு நடிப்பு விருது என்று சிரிக்க வேண்டாம். 1992லேயே ராம் கோபால் வர்மாவின் ‘ராத்’ படத்தில் பேய் பிடித்த பெண்ணாக மிரட்டியவர். நல்ல பேய்ப்படத்தில் பேயைவிட நடிகைக்குத்தான் வேலை அதிகம்.

ஐம்பத்தைந்து வயதில் ஒரு மலையாளப் படம் அவரை நடுவில் உட்கார வைத்தது. தமிழில் அந்த வயதில் என்ன கிடைத்தது என்று பெட்ரோமாக்ஸ் சொல்லட்டும்.

பெட்ரோமாக்ஸ்:
‘ப பாண்டி’ கிடைத்தது. இரண்டாம் பாதியில்தான் வருவார், ஆனால் அந்தப் பாதியே அவரைத் தேடிய கதைதான். இதைக் கணக்கில் எடுக்க மாட்டீர்களா?

அப்புறம், முப்பது தாண்டினால் அண்ணி, நாற்பது தாண்டினால் அம்மா என்பது சுஹாசினிக்கும் அதேதான், சரிதாவுக்கும் அதேதான். ரேவதிக்கு மட்டும் தனியாக அநியாயம் நடந்த மாதிரி எழுதக் கூடாது.

டூரிங் டாக்கீஸ்:
எல்லாருக்கும் அதே அநியாயம் என்றால் அது அநியாயம் இல்லை என்றா அர்த்தம்? நீங்களே எனக்கு சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

‘தேவர் மகன்’ விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் பாதி தாண்டித்தான் பஞ்சவர்ணம் வருகிறாள். பேர் சொல்லும் சீன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் தேசிய விருது வாங்கும் ஆளுக்கு அடுத்தடுத்து எத்தனை படம் எழுதியிருக்க வேண்டும்? என் வயிற்றெரிச்சல் இதுதான்.

பெட்ரோமாக்ஸ்:
அந்தக் கொஞ்ச நேரத்திலும் ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது ‘இஞ்சி இடுப்பழகி’. அது இளையராஜா மெட்டு, எஸ். ஜானகி அம்மாவின் குரல். ஜானகி அம்மாவுக்கும் அதே பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. ரேவதி நின்றார், அவ்வளவுதான்.

மழைக்காலம்:
“நின்றார், அவ்வளவுதான்” என்று எழுதியவரை இப்போதே எழுந்து போய் அந்த சீனைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறேன்.

கதையை ஞாபகப்படுத்துகிறேன். கட்டிக்கொள்ள வேண்டியவன் பயந்து ஓடிவிட்டான். ஊர் மானத்தைக் காப்பாற்ற பெரிய வீட்டு மகன் தாலி கட்டிவிட்டான். அவன் மனதில் வேறொருத்தி இருக்கிறாள். பஞ்சவர்ணத்துக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் தான் இந்த வீட்டுக்குப் பொருந்தாதவள் என்பதுதான். பேச வைப்பதற்காக அவன் கேட்கிறான், பாடத் தெரியுமா என்று. பாட ஆரம்பித்தால் தொண்டையில் சத்தமே வரவில்லை, காற்றுதான் வருகிறது. அதையும் அவளே வெள்ளந்தியாகச் சொல்கிறாள். பிறகுதான் பாட்டு மெதுவாகப் பிடிக்கிறது. பயம் விலகுவது முகத்தில் ஒவ்வொரு வரியாகத் தெரிய வேண்டும், ஆனால் முழுதாகவும் விலகிவிடக் கூடாது.

குரல் ஜானகி அம்மாவுடையதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தக் குரல் ஒரு கிராமத்துப் பெண்ணின் தொண்டையிலிருந்து வருகிறது என்று நம்மை நம்ப வைத்தது யார்? இதே நடிகை அதற்கு ஆறு வருடம் முன்னால் டெல்லியில் நின்று விவாகரத்து கேட்டவர். ‘புன்னகை மன்ன’னில் கமலையே துரத்தித் துரத்திக் காதலித்த சிங்களப் பெண் மாலினியும் இவர்தான். ‘தேவர் மக’னில் அதே கமல் எதிரில் நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறார். பழைய படங்களின் சாயல் ஒரு துளி கிடையாது.

பெட்ரோமாக்ஸ்:
சரி, பார்த்தேன். “நின்றார்” என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மற்றது வாபஸ் இல்லை.

என் பாயிண்ட் வேறு. பஞ்சவர்ணம் மாதிரி இன்னும் பத்து படம் எழுதியிருந்தால், தலை குனிந்து நிற்கும் பத்து மனைவிகள் கிடைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் நடித்தது என்ன? ‘மறுபடியும்’ துளசி. ‘மகளிர் மட்டு’மில் ஊர்வசி, ரோகிணியோடு சேர்ந்து வழிசல் மேனேஜர் நாசரைக் கட்டிப்போடும் சத்யா. ஒரு நடிகை தன் பாதையைத் தானே திருப்புவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிறகு கேமராவுக்குப் பின்னால் போனதும் அதே திருப்பம்தான். ‘மித்ர்’ படத்தில் ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கிக் கொடுத்தார் என்பதை மறக்க வேண்டாம். இதைப் போய் இழப்பு என்று சொன்னால் அவரைச் சின்னப் பிள்ளையாக்குகிற மாதிரி இருக்கிறது.

ரீல்ஸ் பார்ட்டி:
நாசரைக் கட்டிப்போடுவார்களா?? எந்த ஆப்பில் இருக்கிறது?

பாலக்காட்டான்:
தம்பி, அதில் நாகேஷ் பிணமாக நடித்திருப்பார். அதற்காகவே பார்க்கலாம்.

டூரிங் டாக்கீஸ்:
பெட்ரோமாக்ஸ் சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன். அவரைப் “பாவம்” என்று நான் எங்கும் எழுதவில்லை என்றாலும், அந்தத் தொனி வந்திருந்தால் தப்புதான். அவர் ஜெயித்தார். தோற்றது நாம். பாலக்காட்டான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ‘பூதகால’த்து அம்மா மாதிரி ஒரு வேடத்தைத் தமிழில் யாராவது அவருக்காக எழுதினார்களா? ‘குலேபகாவலி’யும் ‘ஜாக்பாட்’டும் ஜாலியான படங்கள்தான். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கா ரேவதி?

மழைக்காலம்:
தமிழில் இயக்கவில்லை என்று மேலே கேட்டிருந்தீர்கள். 2025ல் ‘குட் வைஃப்’ என்று ஒரு வெப் தொடர் வந்ததே. ப்ரியாமணி, தமிழ், இயக்கம் ரேவதி. ஆங்கிலத் தொடரிலிருந்து எடுத்த கதைதான். கணவன் அசிங்கமாக மாட்டிக்கொள்கிறான், மனைவி பல வருடம் கழித்து மறுபடி வக்கீல் கோட்டை எடுத்து மாட்டுகிறாள். உங்கள் துளசிக்குத் தங்கை மாதிரி இருப்பாள். பார்த்தீர்களா இல்லையா?

டூரிங் டாக்கீஸ்:
பார்க்கவில்லை.

பெட்ரோமாக்ஸ்:
ஹா! ஆளைக் கைவிட்டது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

டூரிங் டாக்கீஸ்:
சிரிக்காதீர்கள். இன்று ராத்திரி போடுகிறேன். நீங்கள் ‘கிலுக்கம்’ பார்த்துவிட்டு வாருங்கள், சனிக்கிழமை தொடரலாம்.