அக்டோபரிலேயே கிறிஸ்துமஸ் படம் போடுறது ஏன்? எனக்கு ஒப்பவே இல்லை

டல்லாஸ்வாசி | சனி, அக்டோபர் 18, 2025

நேத்து ராத்திரி முறுக்கு பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை தீபாவளி. ஹால்ல அத்தை டிவியைப் போட்டாங்க. பார்த்தா பனி கொட்டுது, ஊர் நடுவுல பெரிய மரம், சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பொண்ணு கையில கொக்கோ. எங்க வீட்டுல ஏசி ஓடுது! இங்க அமெரிக்காவுல ஹால்மார்க் சேனல்ல கிறிஸ்துமஸ் படங்கள் நேத்து, அக்டோபர் 17-லயே ஆரம்பிச்சாச்சு. வாசல்ல வச்ச பூசணிக்காயை இன்னும் செதுக்கவே இல்லை. ஹாலோவீனுக்கு ரெண்டு வாரம் இருக்கு, நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஒரு மாசத்துக்கு மேல இருக்கு.

சின்ன வயசுல தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக"ன்னு விளம்பரம் ஓடும். ஆனா படம் அன்னிக்கு மட்டும்தான். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, புதுத்துணியோட, பட்டிமன்றம் முடிஞ்சதும் உட்கார்ந்து பார்ப்போம். காத்திருந்ததாலதான் அந்தப் படத்துக்கு அவ்வளவு மதிப்பு. இங்க அறுபத்தொன்பது நாளுக்கு முன்னாடியே அவுத்து விட்டா அப்புறம் பண்டிகைன்னு தனியா என்ன இருக்கு?


விளம்பரக்கணக்கு | சனி, அக்டோபர் 18

நியூயார்க்கில் டிவி விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சியில் ஒன்பது வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இதில் யாரும் பண்டிகையைக் கெடுக்க நினைக்கவில்லை. தேதியைத் தீர்மானிப்பது காலண்டர் அல்ல, கடை.

வருடத்தின் கடைசி மூன்று மாதம்தான் விளம்பரப் பணம் கொட்டும் காலம். அதில் பெரும்பங்கை சேனல்கள் மே மாதம் தொடங்கிக் கோடையிலேயே மொத்தமாகப் பேசி விற்றுவிடுகின்றன. பண்டிகை வியாபாரமும் இப்போது நவம்பருக்காகக் காத்திருப்பதில்லை. அமேசான் 2022 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் தனியாக ஒரு தள்ளுபடி விற்பனை நடத்துகிறது. மற்ற பெரிய கடைகளும் அதையொட்டித் தள்ளுபடியை இறக்குகின்றன. ஜனங்கள் அக்டோபரில் பரிசுப்பொருள் தேட ஆரம்பித்தால், அந்த நினைப்பிலேயே அவர்களை உட்கார வைக்கும் படத்தின் நடுவில் விளம்பரம் போடத்தானே வியாபாரி விரும்புவான்?

செலவும் குறைவு. இந்தப் படங்களில் பெரும்பாலானவை கனடாவில், குறிப்பாக பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒன்டாரியோவிலும், வரிச்சலுகையோடு எடுக்கப்படுபவை. படப்பிடிப்பு சுமார் மூன்று வாரம்தான். பல படங்களை வெயில் காலத்திலேயே முடித்துவிடுவார்கள். புல்தரையில் வெள்ளைத் துணி விரித்து, மேலே நுரை தெளித்துவிட்டால் பனி. கோட்டுக்குள் நடிகர் வியர்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை எடுத்தால் பத்து வருடம் ஓட்டலாம். ஹால்மார்க் "கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்" என்ற பெயரில் இந்த வரிசையை ஆரம்பித்தது 2009-ல். அன்றிலிருந்து சேர்ந்த சரக்கு முழுக்கக் கையில் இருக்கும்போது ஐந்து வாரம் எப்படிப் போதும்?

போட்டியும் உண்டு. ஹால்மார்க் சேனல்களை நடத்திய பில் அபாட் வெளியே வந்து, 2021-ல் ஜிஏசி ஃபேமிலி என்ற பெயரில் (பிறகு கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி என்று மாறியது) அதே மாதிரிப் படங்களுக்கு எதிர்க்கடை போட்டார். லைஃப்டைம் சேனல் ஒரு பக்கம், நெட்ஃபிளிக்ஸ் ஒரு பக்கம். இந்த நிலைமையில் தானாகப் பின்தங்க யார் சம்மதிப்பார்கள்?


நாஞ்சில்மேரி | சனி, அக்டோபர் 18

விளம்பரக்கணக்கு அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரிதான். அதுதான் எனக்கு வருத்தமே.

நாகர்கோவில் பக்கம் எங்க கோயில்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் திருவருகைக்காலம். ஊதா உடுப்பு, வாரத்துக்கு ஒரு மெழுகுதிரியா நாலு திரி. அந்த நாலு வாரமும் ஞாயிறு பூசையில வானவர் கீதம் பாட மாட்டோம். 24-ஆம் தேதி ராத்திரிப் பூசையில மணி எல்லாம் ஒண்ணா அடிக்க, "உன்னதங்களிலே"ன்னு அந்தக் கீதத்தைப் பாடகர் குழு எடுக்கும்போது உடம்பு சிலிர்க்கும். நாலு வாரம் வாயை மூடியிருந்தால்லா அது சிலிர்க்கும்! இந்த வருசம் திருவருகைக்காலம் தொடங்குறதே நவம்பர் 30-ல. அதுக்குள்ள டிவியில நூறு தடவை கிறிஸ்துமஸ் வந்து போயிருக்கும்.

இன்னொண்ணு. அந்த சேனலோட தாய் நிறுவனம் வாழ்த்து அட்டை விக்கிற கம்பெனி. 1973-ல இருந்து மரத்துல தொங்கவிடுற அலங்காரப் பொருளும் விக்காங்க. புது அலங்காரங்களை ஜூலையிலயே கடைக்குக் கொண்டு வாறாங்க, டிவியிலயும் ஜூலையில கொஞ்ச நாள் கிறிஸ்துமஸ் படம் ஓடும். அப்போ படத்துக்கு நடுவுல விளம்பரம்னு எதுக்குச் சொல்லணும், படமே விளம்பரந்தானே?


விளம்பரக்கணக்கு | ஞாயிறு, அக்டோபர் 19

மேரி, கடைக்காகப் பண்டிகை நகர்வது டிவி வந்த பிறகு ஆரம்பித்ததில்லை. 1939-ல் நவம்பர் 30 வியாழனன்று வர வேண்டிய தேங்க்ஸ்கிவிங்கை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 23-ஆம் தேதிக்கு முன்னால் தள்ளினார். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள், அதுதான் காரணம். பாதி மாநிலங்கள் ஒப்புக்கொண்டன, பாதி மறுத்தன, டெக்சஸ் இரண்டு நாளும் விடுமுறை விட்டது. நவம்பரின் நான்காவது வியாழன் என்று 1941-ல் சட்டம் போட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.


ராத்திரிஷிஃப்ட் | ஞாயிறு, அக்டோபர் 19

ஓஹையோவில ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸா இருக்கேன். எல்லாரும் கடையைப் பத்தியே பேசுறீங்க, பார்க்கிறவங்களைப் பத்தி ஒருத்தரும் பேசலையே.

என் வார்டுல 91 வயசுப் பாட்டி ஒருத்தங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராது. பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்க முழிச்சுடக் கூடாதுன்னு சத்தத்தை அணைச்சுட்டு, எழுத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பாங்க. ரிமோட்டைப் போர்வைக்கு அடியில பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. செய்தி போட்டா பதட்டமாகுது, போலீஸ் படம் போட்டா பயப்படுறாங்க. இந்தப் படத்துல யாரும் சுட மாட்டாங்க. கடைசியில எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ந்துடுவாங்கன்னு முதல் நிமிஷமே தெரியும். அதுதான் அவங்களுக்கு வேணும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வச்சதும் இங்க அஞ்சரை மணிக்கெல்லாம் இருட்டிடும். அந்த இருட்டுக்கு முன்னாடியே இது வந்தது எனக்கு நல்லதாதான் படுது. டல்லாஸ் அக்கா, காத்திருக்கிறது சுகம்னு சொல்றீங்க. டிசம்பர் வரைக்கும் இருப்போமான்னு தெரியாதவங்க எதைக்கா காத்திருப்பாங்க?


விளம்பரக்கணக்கு | ஞாயிறு, அக்டோபர் 19

உங்கள் பாட்டிக்கு அது ஆறுதல் என்பதை நான் மறுக்கவில்லை, சகோதரி. ஆனால் சேனல் அவருக்காக ஓட்டுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் படங்களுக்கான விளம்பரம் விலை பேசப்படுவது 25 முதல் 54 வயதுப் பெண்களை வைத்து. 91 வயது அந்தக் கணக்கிலேயே வராது.


ராத்திரிஷிஃப்ட் | ஞாயிறு, அக்டோபர் 19

வரலைன்னா போகட்டும் சார். படம் அவங்களுக்கும் ஓடுதே.


டல்லாஸ்வாசி | ஞாயிறு, அக்டோபர் 19

தங்கச்சி எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பதில் எழுத முடியலை. ஆனாலும் என் வாதத்தை விட மாட்டேன்.

1946-ல வந்த "இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்"ங்கிற கிறிஸ்துமஸ் படம் இங்க எல்லாருக்கும் தெரியும். வந்தப்போ பெருசா ஓடலை. 1974-ல காப்புரிமையைப் புதுப்பிக்காம விட்டதால எல்லா ஸ்டேஷனும் இஷ்டத்துக்குப் போட்டுத் தள்ளினாங்க, அப்படித்தான் வீடு வீடாப் போய்ச் சேர்ந்தது. விளம்பரக்கணக்கு சார் இதைச் சொல்லி என்னை மடக்குவார்னு தெரியும், அதான் நானே சொல்லிட்டேன். ஆனா 1994-ல இருந்து அது என்பிசி சேனல் கையில. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் போடுறாங்க, அதுல ஒண்ணு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. எங்க பக்கத்து வீட்டுல அன்னிக்கு மூணு தலைமுறையும் ஒரே சோபாவுல உட்காரும். வீட்டுல டிஸ்க் இருக்கு, ஆனாலும் டிவியில வர்ற நேரத்துக்குத்தான் உட்காருவாங்க. எப்பவும் கிடைக்கிற படத்துக்கு யாராவது இப்படி உட்காருவாங்களா?


நாஞ்சில்மேரி | ஞாயிறு, அக்டோபர் 19

நீங்க சொல்லது நூத்துக்கு நூறு, அக்கா. ஆனா அந்தப் பாட்டிக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். எங்க அம்மையும் கடைசி வருசம் ஆவணியிலயே குடில் எடுத்து வைக்கச் சொன்னாவ. வச்சோம்.


டல்லாஸ்வாசி | திங்கள், அக்டோபர் 20

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

காலையில அத்தைகிட்ட கேட்டேன், "இந்தப் படத்துல அப்படி என்ன இருக்குத்தை?" அவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. "மத்த படத்துல என்ன பேசுறாங்கன்னே புரியலம்மா. இதுல பட்டணத்துப் பொண்ணு ஊருக்கு வருவா, அங்க ஒரு பையன் இருப்பான், கடையை மூடப் போறாங்கன்னு அழுவாங்க, அப்புறம் மூட மாட்டாங்க. எனக்கே புரியுது"ன்னாங்க. அஞ்சு மாசமா எங்க வீட்டுல யாரையும் கேட்காம அவங்க தனியா உட்கார்ந்து பார்த்த முதல் படம் அதுதானாம்.

டிசம்பர்லதான் போடணும்னு இப்பவும் சொல்வேன். ஆனா அத்தை மே மாசம் வந்தவங்க, ஆறு மாசம்தான் தங்க முடியும். நவம்பர் 12-ஆம் தேதிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் விளக்கேத்திட்டு, மத்தாப்பு கொளுத்திட்டு, எட்டு மணிப் படத்துக்கு நானும் அவங்ககூட உட்காரப் போறேன்.