கிரேயான் மேல கருப்பு பெயிண்ட் ஒட்டவே மாட்டேங்குது, என்ன தப்பு பண்றேன்?

மொட்டைமாடி_மிஸ்:
எங்க அபார்ட்மெண்ட்ல லீவுக்கு 11 பசங்கள வச்சு சனிக்கிழமை சனிக்கிழமை ஏதாவது கிராஃப்ட் பண்ண வைக்கறேன், 6 வயசுலேர்ந்து 10 வயசு வரைக்கும். அடுத்த வாரம் ஸ்க்ராட்ச் ஆர்ட்னு சொல்லிட்டேன், அதான் கலர் கலரா மெழுகு கிரேயான் தேய்ச்சு மேல கருப்பு பூசி குச்சியால கீறினா உள்ள இருக்குற கலர் தெரியுமே அது. வீட்ல ட்ரை பண்ணா வாட்டர் கலர் கருப்பு சேப்பங்கிழங்கு இலைல தண்ணி உருள்ற மாதிரி முத்து முத்தா உருண்டு நிக்குது. சரின்னு அக்ரிலிக் அடிச்சேன், நல்லா மூடுச்சு, ஆனா கீறினா கோடு விழாம ரப்பர் மாதிரி பட்டையா உரிஞ்சு வருது. சின்னதுங்க வேற A4 முழுக்க கலர் அடிக்கறதுக்குள்ள கை வலிக்குதுன்னு உக்காந்துடும். யாராவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்களேன்.

பழைய_டிராயிங்மாஸ்டர்:
மெழுகு தண்ணிய தள்ளத்தானேமா செய்யும், அதனால வாட்டர் கலர் நிக்காது. அக்ரிலிக் காஞ்சா பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆயிடும், அதான் உரியுது. போஸ்டர் கலர் கருப்பு வாங்குங்க, தண்ணி கலக்காம கெட்டியா எடுத்து அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூணு சொட்டு விட்டு மெதுவா கலக்கணும். சோப்பு இருந்தா பெயிண்ட் உருண்டு நிக்காம பரவும். ரொம்ப அடிச்சு கலக்கி நுரை வந்துச்சுன்னா காஞ்சப்புறம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியும். கிரேயான் மேல கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி தட்டி விட்டுட்டு பூசினா இன்னும் நல்லா பிடிக்கும். முதல் கோட் காஞ்சப்புறம் ரெண்டாவது கோட். A4ஐ நாலா வெட்டிடுங்க, போஸ்ட்கார்டு சைஸ் போதும், பேப்பர் மட்டும் தடியா இருக்கணும். கிரேயான அழுத்தி தேய்க்கச் சொல்லுங்க, வெள்ளை இடைவெளி விட்டா அங்க பெயிண்ட் பேப்பருக்குள்ள ஊறிடும், கீறினா பேப்பர்தான் கிழியும்.

ரெட்டைவால்_அம்மா:
மாஸ்டர் சொல்றது சரிதான், ஆனா 11 பசங்க பெயிண்ட் காயற வரைக்கும் சும்மா இருக்குமா? நான் கருப்பு ஆயில் பேஸ்டல, அதான் எண்ணெய் பசை இருக்குற மெத்துன்னு கலர் குச்சி, மேல அழுத்தி தேய்ச்சுதான் பண்ண வைப்பேன், காய வைக்கற வேலையே இல்ல, உடனே கீறலாம். என்ன, கீறக் கீற கருப்பு துகள் உதிரும், அத பசங்க கையால தள்ளி சட்டைல துடைச்சுக்கும், நல்ல டிரஸ் போட்டு அனுப்பாதீங்கன்னு முன்னாடியே மெசேஜ் போட்டுடுங்க 😄 கீற ஈர்க்குச்சி, மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனா போதும், காம்பஸ் முள்ளு கிட்ட போகாதீங்க. உடைஞ்ச சீப்பு ஒண்ணு குடுத்துப் பாருங்க, ஒரே இழுப்புல மழை பெய்யற மாதிரி கோடு கோடா வந்துடும்.

பழைய_டிராயிங்மாஸ்டர்:
பேஸ்டல்ல மெல்லிசு கோடு வராதும்மா, கை பட்டா ஈஷிக்கும். காயறதுதான் பிரச்சனைன்னா ஒரு வாரம் கலர் அடிச்சு பூசி வச்சுட்டு அடுத்த வாரம் கீற விடுங்க.

புள்ளிக்கோலம்:
டெக்னிக் எல்லாம் சொல்லிட்டாங்க, நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன், என்ன வரையறதுன்னு. வீடு மலை சூரியன்னு விட்டா எடுபடாது, கருப்புல நல்லா வர்றது ராத்திரிதான், தீபாவளி வாணம், கடலுக்குள்ள மீன், அப்புறம் கோலம். எங்க வீட்டு வாண்டு 7 புள்ளி கோலம் கீறினா, ஒவ்வொரு சுழியும் பாதில மஞ்சள்லேர்ந்து பச்சைக்கு மாறுது, எந்த இடத்துல என்ன கலர் வரும்னு அவளுக்கே தெரியாம ஒவ்வொரு கோட்டுக்கும் கத்தினா. தப்பா கீறினத அழிக்க முடியாதுன்னு மட்டும் முதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா அழுகைதான்.

மொட்டைமாடி_மிஸ்:
எல்லாருக்கும் தேங்க்ஸ், மாஸ்டர் சார் சொன்ன மாதிரி ரெண்டு வாரமா பிரிச்சு பண்ணோம், சூப்பரா வந்துச்சு! ஒருத்தன் மட்டும் படமே போடாம மொத்த கருப்பையும் சுரண்டி எடுத்துட்டு முடிச்சிட்டேன் மிஸ்னு நிக்கறான். இதெல்லாம் லேமினேட் பண்ணி குடுக்கலாமா?

பழைய_டிராயிங்மாஸ்டர்:
ஐயோ வேண்டாம்மா, அந்த மெஷின் சூட்டுல உள்ள இருக்குற மெழுகு உருகி கருப்போட கலந்துடும். கண்ணாடி மாதிரி இருக்குற ஃபைல் கவர்ல போட்டு குடுங்க.