தொட்டித் தக்காளியில் அடி கறுக்கிறது

மன்னார்குடி அக்கா: அத்தை, மாடியில் வைத்த தக்காளியில் காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்தவுடன் அடிப்பக்கம் கறுத்து உள்வாங்கிவிடுகிறது. இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. மருந்து அடிக்க வேண்டுமா?

திருவாரூர் சித்தப்பா: சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் அம்மா. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு.

கும்பகோணம் அத்தை: தம்பி, அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது சரிதான், ஆனால் முட்டை ஓடு மக்கிக் கரைவதற்குள் இந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் சுண்ணாம்புச் சத்து மேலே ஏறும் என்பதால், ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் ததும்பியும் கிடக்கும் தொட்டியில், மண்ணில் சத்து இருந்தாலும் காயின் நுனிவரை வராது. இது பூஞ்சை நோய் அன்று; மருந்து வீண் செலவு. எந்த மண்ணைப் போட்டாய்?

மன்னார்குடி அக்கா: பழைய பெயின்ட் வாளியில் வயல் மண்ணை மட்டும் நிரப்பினேன். சித்தப்பாதான் மூட்டை கட்டிக் கொடுத்தார்.

திருவாரூர் சித்தப்பா: குறுவையும் தாளடியும் விளைந்த மண் அது!

கும்பகோணம் அத்தை: நெல்லுக்குத் தண்ணீர் தேங்க வேண்டும், தக்காளிக்கு வடிய வேண்டும். அந்தக் களிமண் வாளிக்குள் காய்ந்து வெடித்தால், ஊற்றும் தண்ணீர் வெடிப்பு வழியே ஓட்டைக்குப் போய்விடும். மேல்மண் நனைந்ததாகத் தெரிந்தாலும் வேர்ப்பகுதி வறண்டே கிடக்கும். இப்போதைக்கு வைக்கோலால் மூடாக்குப் போட்டு, காலையிலும் மாலையிலும் நிதானமாக ஊற்று. அடுத்த முறை வயல் மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கல. நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால், ஊறவைத்து நன்றாக அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

மன்னார்குடி அக்கா: பூக்களும் கொட்டுகின்றனவே?

கும்பகோணம் அத்தை: இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத சித்திரையில் மகரந்தம் சரியாகச் சேராது, அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. கார்த்திகைக் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, மார்கழியில் பெரிய தொட்டியில் நட்டால் பங்குனியிலேயே பறிக்கலாம். பெரியகுளத்தில் உருவாக்கி 1978இல் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் குட்டையாக நிற்பதால் மாடிக்கு வசதி; பக்கக் கிளைகளைக் கிள்ளாதே, காய்ப்பு அவற்றிலும் உண்டு.

திருவாரூர் சித்தப்பா: வைக்கோலை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். மண் மூட்டை இனி இல்லை.

மன்னார்குடி அக்கா: பழுத்ததில் கறுத்த பகுதியை அறுத்துவிட்டு மிச்சத்தை ரசத்தில் போடலாமா அத்தை?

கும்பகோணம் அத்தை: உள்ளே அழுகாமல் இருந்தால் தாராளமாகப் போடலாம். பிஞ்சிலேயே கறுத்தவற்றை மட்டும் இன்றே கிள்ளிவிடு.