களிமண் தலை: முன்னால் சரி, பக்கத்தில் தட்டை. என்ன செய்வது?

மண்கை:
சிற்ப ஸ்டுடியோ ஒன்றில் அடிப்படை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆளை உட்கார வைத்து, பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் தலை செய்கிறோம். முன்னால் நின்றால் ஜாடை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் போனால் முகமூடி மாதிரி தட்டை. நேற்று ஆசிரியர் வந்து நான் இழைத்து வைத்திருந்த இரண்டு கண்ணையும் வழித்துப் போட்டுவிட்டு, "முதல்ல மண்டையைச் செய்" என்று போய்விட்டார். கண் இல்லாமல் ஜாடை எப்படி வரும்? தாடைப் பக்கம் மண் வேறு வழுக்கி இறங்குகிறது.

பழைய உளி:
நானாக இருந்தால் மூக்கையும் சேர்த்து வழித்திருப்பேன்!

முகத்தைப் பார்த்தே பேசிப் பழகிய நமக்குப் பின்மண்டை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. காலிப்பரை (இரண்டு கால்களுக்கு நடுவே வைத்து அளக்கும் கருவி) எடுங்கள். மாடலின் நெற்றியிலிருந்து பின்மண்டை வரை அளந்து, காதுக்கு மேலே உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். முதல் அளவுதான் பெரிது. உங்கள் களிமண் தலையில் அது குறைந்திருக்கும். காதையும் கன்னத்துக்கு இழுத்து வந்திருப்பீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் அது பாதிக்குப் பின்னால்தான் உட்காரும். கண்ணின் கோடு உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்.

இனி ஒரே இடத்தில் நிற்காதீர்கள். மாடலையும் ஸ்டாண்டையும் ஒரே அளவு திருப்பி, ஓரக் கோட்டை மட்டும் பார்த்து மண் வையுங்கள். உடனே அடுத்த திருப்பம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இப்படித்தான் ஓரக் கோடு ஓரக் கோடாகச் செய்தார், மேலிருந்துகூடப் பார்ப்பாராம். தூரத்தில் வரும் தெரிந்தவரைக் கண் தெரியும் முன்பே அடையாளம் கண்டுகொள்கிறோமே, அந்த ஜாடை மண்டையிலும் கழுத்துச் சாய்விலும் இருக்கிறது.

சாரக்கம்பி:
வழுக்குவதற்கு மருந்து: இரண்டு சிறு மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டி, ஆர்மேச்சரிலிருந்து (உள்ளே மண்ணைத் தாங்கும் கம்பிக்கூடு) கம்பியில் தொங்க விடுங்கள். மண் அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே மண் ஏற்றிவிட்டதால் தாடைக்குள் கொஞ்சம் குடைந்துதான் வைக்க வேண்டும். மண்ணும் தளதளவென்று இருக்கிறதோ என்னவோ, பிசைந்து இறுக்குங்கள்.

மண்கை:
அளந்து பார்த்தேன், மண்டையே இல்லை. பின்னால் மண் ஏற்றுகிறேன். முடிந்ததும் இதை அப்படியே சுடலாமா?

பழைய உளி:
ஆர்மேச்சரோடு கூடாது. காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது, வெடித்துவிடும். சுடுவதென்றால் மண் கொஞ்சம் இறுகியதும் மண்டையை அறுத்துத் திறந்து, உள்ளே சுமார் 2 செ.மீ. கனம் விட்டுக் குடைந்து, கம்பியை உருவிவிட்டு மூட வேண்டும். முதல் தலைக்கு அவ்வளவு பாடு வேண்டாம், பிளாஸ்டர் அச்சு எடுங்கள். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவுங்கள், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றாதீர்கள். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், ஸ்டுடியோவே உங்களைத் திட்டும். அதுவரை ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள்.